புல்லட் சைலன்சரை வீட்டிலேயே மாற்றலாமா?

புதுச்சேரி ரெயின்போ நகரில் இருக்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது 2013 மாடல் ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது பெய்த மழையில் வண்டி தெருத் தண்ணீரில் நின்றிருக்கிறது. இன்ஜின் ஆயிலை மாற்றி, கார்புரேட்டரைக் கழுவி எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தார். இப்போது சைலன்சரின் அடியில் சுண்டுவிரல் போகிற அளவுக்கு ஓட்டை, இன்ஜினிலிருந்து சைலன்சருக்குப் புகையைக் கொண்டுபோகும் வளைந்த குழாயான பெண்ட் பைப்பும் முழுக்கத் துரு. இரண்டையும் புதிதாக வாங்கி வீட்டு வாசலில் வைத்து நானே மாட்டலாமா, மாட்டுவதே மாட்டுகிறோம் கொஞ்சம் "டப் டப்" என்று சத்தம் வருகிற மாதிரி வேறு சைலன்சர் போட்டுவிடலாமா என்பது கேள்வி.

முதல் கேள்விக்குப் பதில், மாட்டலாம். இரண்டாவதைக் கடைசியில் பார்ப்போம், இப்போதே சொன்னால் கோபித்துக்கொண்டு மீதியைப் படிக்க மாட்டீர்கள்.

நான் கடலூர் முதுநகர்க்காரன். சிப்காட்டில் ஒரு ஆலையில் பல வருஷம் ஃபிட்டர் வேலை, வீட்டில் வண்டி வேலை. எங்கள் ஊரில் சைலன்சர் மாற்றியிருப்பவர்கள் யாரைக் கேட்டாலும் ஒன்றைத்தான் சொல்வார்கள்: மாட்டுவது அரைமணி நேர வேலை, கழற்றுவதுதான் வேலை. அதிலும் இன்ஜினின் தலைப்பகுதியான சிலிண்டர் ஹெட்டில் பெண்ட் பைப்பைப் பிடித்திருக்கும் இரண்டே இரண்டு நட்டு. அந்த இரண்டு நட்டையும், அவை ஏறியிருக்கும் மரைக் கம்பியான ஸ்டட் உடையாமல் எடுத்துவிட்டீர்கள் என்றால் மீதியை எட்டாம் வகுப்புப் பையன் கூடச் செய்வான். ஸ்டட் உடைந்தால் வண்டியை லேத் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போக வேண்டியதுதான். அதனால் இந்தப் பதிலில் பாதி அந்த இரண்டு நட்டைப் பற்றித்தான் இருக்கும்.

அதற்கு முன்னால், அந்த ஓட்டை ஏன் விழுந்தது என்று தெரிந்துகொள்வது நல்லது. புயல் தண்ணீர் ஒரு காரணம்தான், முழுக் காரணம் அது இல்லை. பெட்ரோல் எரிந்தால் புகை மட்டும் வருவதில்லை, தண்ணீரும் வருகிறது. கணக்குப் போட்டால் ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக வெளியே தள்ளுகிறது. நீங்கள் திண்டிவனம் வரைக்கும் ஓட்டினால் சைலன்சர் முழுக்கச் சூடேறி அந்த ஆவி அப்படியே வெளியே போய்விடும். வீட்டிலிருந்து கடற்கரைச் சாலைக்குப் போய் ஒரு டீ, அங்கிருந்து நேரு வீதி, திரும்ப வீடு என்று இரண்டு மூன்று கிலோமீட்டராக ஓட்டினால் முன்பக்கம் கொதிக்கும், பின்பக்கம் வெதுவெதுப்பாகவே இருக்கும். ஆவி அங்கே தண்ணீராக மாறி, எரிந்த வாயுவில் இருக்கும் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டு அடியில் தேங்கும். ஓட்டை எப்போதும் அடியில்தான் விழும், கவனித்திருப்பீர்கள். வெளியே இருந்து உப்புக்காற்று, உள்ளே இருந்து அமிலத் தண்ணீர், நடுவில் ஒன்றரை மில்லிமீட்டர் கூட இல்லாத தகடு. எத்தனை நாள் தாங்கும்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பல சைலன்சர்களில் அடியில் கம்பெனியே ஒரு சின்னத் துளை போட்டிருக்கும், தண்ணீர் வடிவதற்கு. அதைப் பார்த்துப் பதறிப்போய் எம்-சீல் வைத்து அடைத்த ஆட்களைப் பார்த்திருக்கிறேன். ஆறு மாதத்தில் அதற்குப் பக்கத்திலேயே நிஜ ஓட்டை விழுந்தது. புதிய சைலன்சரில் அந்தத் துளை இருந்தால் விட்டுவிடுங்கள், மழைக்காலம் முடிந்ததும் மெல்லிய கம்பியால் ஒருமுறை குத்திச் சுத்தம் செய்யுங்கள்.

சரி, கழற்றும் வேலைக்கு வருவோம்.

வேலையை ஞாயிற்றுக்கிழமை காலையில் செய்வது என்றால் வெள்ளிக்கிழமை இரவே ஆரம்பித்துவிட வேண்டும். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு, இன்ஜின் ஆறிய பிறகு, ஹெட்டில் பெண்ட் பைப் சேரும் இடத்தில் இருக்கும் இரண்டு நட்டையும் கம்பி பிரஷால் நன்றாகத் தேய்த்துவிடுங்கள். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டின் மரையையும் தேய்க்க வேண்டும், அதுதான் முக்கியம், நட்டு வெளியே வரும்போது அந்தத் துருப்பிடித்த மரை மேல் ஏறித்தான் வர வேண்டும். பிறகு துரு இளக்கும் ஆயிலை நட்டின் அடியிலும் ஸ்டட் முனையிலும் விடுங்கள். டபிள்யூ.டி.40 எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, பரவாயில்லை. ஆனால் துருவுக்கென்றே வரும் பெனட்ரேட்டிங் ஆயில் இன்னும் உள்ளே இறங்கும். சனிக்கிழமை காலை ஒரு தடவை, இரவு ஒரு தடவை. எங்கள் துறைமுகத்தில் படகு இன்ஜின் பார்க்கும் மெக்கானிக்குகள் டீசலில் நனைத்த துணியை நட்டைச் சுற்றிக் கட்டி இரவு முழுக்க விட்டுவிடுவார்கள். உப்புத் தண்ணீரிலேயே கிடக்கும் நட்டைக் கழற்றிப் பழகிய கை, அவர்கள் அவசரப்படுவதே இல்லை.

ஞாயிறு காலை பானா வைப்பதற்கு முன்னால் இன்ஜினை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்துவிடுங்கள். ஹெட் அலுமினியம், ஸ்டட் இரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் ஸ்டட்டைப் பிடித்திருக்கும் ஹெட்டின் பிடி சற்றுத் தளரும், துருவும் விரிசல் விடும். கொதிக்கக் கொதிக்க வேண்டாம், கை பக்கத்தில் போக முடியாது. வெதுவெதுப்பு போதும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கெண்டைக்காலில் சைலன்சர் சுட்ட தழும்பு இல்லாத ஆளை நம் ஊரில் தேட வேண்டும், அதைக் கையிலும் வாங்கிக்கொள்ள வேண்டாம்.

பானா எது என்று கேட்டால், வாய் திறந்த பானாவைத் தொடவே தொடாதீர்கள். அது நட்டின் இரண்டு பக்கத்தை மட்டும்தான் பிடிக்கும், துருவில் தேய்ந்த நட்டு என்றால் மூலை மழுங்கிவிடும், அப்புறம் எதுவும் பிடிக்காது. பாக்ஸ் ஸ்பேனர் வேண்டும், அதுவும் ஆறு மூலை உள்ளது, பன்னிரண்டு மூலை உள்ளது வேண்டாம். பன்னிரண்டா பதிமூன்றா என்று அளவைக் காகிதத்தில் தேடிக்கொண்டிருக்காமல் இரண்டையும் வைத்துப் பாருங்கள், ஆட்டம் இல்லாமல் உட்காருவதுதான் உங்கள் அளவு. முன்னால் ஒருவர் நட்டை மாற்றியிருந்தால் அளவும் மாறியிருக்கும். செட் பழையதாக இருந்தால் அந்த ஒரு சாக்கெட்டை மட்டும் நல்லதாக வாங்கிவிடுங்கள். காந்தி வீதி சண்டே மார்க்கெட்டில் பழைய டூல்ஸ் மலிவாகக் கிடைக்கும், நானும் அங்கே வாங்கியிருக்கிறேன், ஆனால் இந்த இரண்டு நட்டுக்குத் தேய்ந்த சாக்கெட் ஆகாது.

இப்போது திருகுவது. முதலில் கழற்றும் பக்கம் திருகாதீர்கள். இறுக்கும் பக்கம் ஒரு துளி, மயிரிழை. "கிர்ர்" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தால் துரு உடைந்துவிட்டது என்று அர்த்தம். பிறகு கழற்றும் பக்கம் கால் சுற்று. அங்கே இறுகுகிறதா? நிறுத்துங்கள். திரும்ப உள்ளே அரைக்கால் சுற்று, ஒரு சொட்டு ஆயில், மறுபடி வெளியே. முன்னும் பின்னும், முன்னும் பின்னும், தேங்காய் துருவுகிற மாதிரி பொறுமையாக. இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். ஒன்றை முழுக்க எடுத்துவிட்டு இன்னொன்றுக்குப் போனால் பைப் சாய்ந்து அந்த ஸ்டட்டை ஒருபக்கமாக இழுக்கும்.

பானாவின் கைப்பிடியில் பைப் மாட்டி நீளமாக்குகிற வேலை மட்டும் வேண்டாம். நான் செய்தேன். தானே புயலுக்கு அடுத்த வருஷம், வேறொரு வண்டி, அவசரம், மாலை வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, மறுநாள் சிதம்பரம் போக வேண்டும். இரண்டடி ஜி.ஐ. பைப்பை ஸ்பேனரில் சொருகி அழுத்தினேன். முதலில் ரப்பர் மாதிரி ஒரு நெகிழ்ச்சி, கை அதை நட்டு கழல்கிறது என்று நினைத்துக்கொண்டது. கழலவில்லை, ஸ்டட் முறுக்கிக்கொண்டிருந்தது. "டிக்". அவ்வளவுதான், பெரிய சத்தமெல்லாம் இல்லை. நட்டு பாதி ஸ்டட்டோடு சாக்கெட்டுக்குள் உட்கார்ந்திருந்தது, உடைந்த இடம் பாதி கறுப்பு, பாதி பளபளவென்று வெள்ளி நிறம். கறுப்புப் பாதி ஏற்கெனவே விரிசல் விட்டுக் கிடந்திருக்கிறது, மீதியை நான் உடைத்தேன். அந்த ரப்பர் நெகிழ்ச்சியை நினைவில் வையுங்கள். நல்லபடி கழலும் நட்டு சட்டென்று விடும், சத்தத்தோடு விடும். சத்தமே இல்லாமல் மெதுவாக இளகி வந்தால் கையை எடுத்துவிடுங்கள்.

உடைந்தே விட்டால்? ஹெட்டுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிக்கொண்டிருந்தால் பிழைத்தீர்கள். வெல்டிங் தெரிந்தவரிடம் அந்த முனையில் ஒரு புது நட்டை வைத்து உள்ளுக்குள் வெல்ட் அடிக்கச் சொல்லுங்கள், பாட்டரியைக் கழற்றிவிட்டுத்தான். அந்த வெல்டிங் சூடே துருவை விடுவித்துவிடும், ஆறியதும் திருகினால் முழுதாக வந்துவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது, திருப்பாதிரிப்புலியூரில் ஒரு லேத் பட்டறையில், பத்து நிமிடத்தில். அந்தப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை, என் கையில் இருந்த ஜி.ஐ. பைப்பை மட்டும் ஒருமுறை பார்த்தார். ஹெட்டோடு சமமாக உடைந்திருந்தால் துளை போட்டு எடுக்க வேண்டும், மரை போனால் புது மரைக்கு ஹெலிகாயில் என்கிற கம்பிச்சுருள் வைக்க வேண்டும். அதை வீட்டில் செய்ய ஆசைப்படாதீர்கள். உடைந்த ஸ்டட்டை எடுக்கவென்று கடையில் விற்கும் ஈஸி-அவுட்டை உள்ளே திருகி அதுவும் உடைந்தால், அது சாதாரண டிரில் பிட்டுக்கு மசியாத கெட்டி உருக்கு, செலவு இரண்டு மடங்காகும். நட்டோடு ஸ்டட்டும் முழுதாகச் சேர்ந்து வெளியே வந்தால் பயப்படாதீர்கள், அது நல்லதே. புது ஸ்டட் வாங்கிப் போட்டுவிடலாம்.

ஹெட் நட்டு இரண்டும் வந்துவிட்டால் மீதி எளிது. பெண்ட் பைப்பும் சைலன்சரும் சேரும் கிளாம்ப்பைத் தளர்த்துங்கள். சைலன்சரின் அடியில் பழைய டயரோ தலையணையோ முட்டுக் கொடுத்துவிட்டுப் பின்பக்க பிராக்கெட் நட்டைக் கழற்றுங்கள், இல்லையென்றால் மொத்த எடையும் முன்பக்கம் தொங்கும். பிறகு சைலன்சரை இழுக்காதீர்கள், இடமும் வலமுமாக முறுக்கிக்கொண்டே பின்னால் தள்ளுங்கள். வரவில்லையென்றால் சேரும் இடத்தில் ஆயில் விட்டு மரச் சுத்தியலால் தட்டுங்கள். எப்படியும் இரண்டும் பழைய இரும்புக் கடைக்குத்தானே போகிறது, சேர்த்தே ஒரு துண்டாக எடுத்தாலும் சரிதான்.

எடுத்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, ஹெட்டின் துவாரத்துக்குள் டார்ச் அடித்துப் பார்ப்பது. கசிவைத் தடுக்கும் வளையமான பழைய கேஸ்கெட் அங்கேதான் ஒட்டிக்கொண்டிருக்கும், வெளியே வந்திருக்காது. கரி படிந்து ஹெட்டின் நிறத்திலேயே இருப்பதால், இல்லை என்று நினைத்துப் புதிய கேஸ்கெட்டை அதன் மேலேயே வைத்து இறுக்கிவிடுவார்கள். இரண்டு கேஸ்கெட் இருந்தால் பைப் நேராக உட்காராது, கசியும். சின்ன ஸ்க்ரூ டிரைவரால் ஓரத்தை நெம்பி எடுங்கள், அலுமினியத்தில் கீறல் விழாமல். உள்ளே துணுக்கு விழாமல் இருக்கப் பழைய துணியைச் சுருட்டித் துவாரத்தில் அடைத்துக்கொள்ளலாம், ஆனால் மாட்டுவதற்கு முன் அதை எடுக்க மறக்கக் கூடாது. சிரிக்காதீர்கள், நடந்திருக்கிறது. பிறகு அந்த முகத்தை நைஸ் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்துத் துடைத்துவிடுங்கள்.

கேஸ்கெட் ஒவ்வொரு முறையும் புதிது. நசுங்கித்தான் அது வேலை செய்யும், ஒருமுறை நசுங்கியது இரண்டாவது முறை நசுங்காது. நட்டும் புதிது, முடிந்தால் ஸ்டட்டும். மரையில் காப்பர் கிரீஸ் மெல்லிசாகத் தடவுங்கள், அடுத்த தடவை கழற்றும்போது உங்களையே வாழ்த்துவீர்கள். சாதாரண கிரீஸ் அந்தச் சூட்டில் எரிந்து கரியாகி, இன்னும் மோசமாகப் பிடித்துக்கொள்ளும்.

மாட்டும் வரிசையில்தான் வீட்டில் செய்பவர்கள் தப்புவிடுகிறார்கள். எதையும் முதலில் இறுக்கக் கூடாது. கேஸ்கெட்டை இரண்டு சொட்டு கிரீஸில் ஒட்டித் துவாரத்தில் நிறுத்தி, பெண்ட் பைப்பை வைத்து, ஹெட் நட்டு இரண்டையும் கையால் திருகும் வரை மட்டும் திருகுங்கள். சைலன்சரைச் சொருகி கிளாம்ப்பைத் தொங்கலாக விடுங்கள், பின்பக்க நட்டும் கையால்தான். இப்போது மொத்தமும் லொடலொடவென்று ஆடும், ஆடட்டும். ஒருமுறை பின்னால் போய் நின்று சைலன்சர் சக்கரத்துக்கு இணையாக நிற்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஹெட் நட்டு இரண்டையும் மாற்றி மாற்றி, அரை அரைச் சுற்றாக இறுக்குங்கள். அது முடிந்த பிறகு கிளாம்ப், கடைசியில்தான் பின்பக்க பிராக்கெட். பின்பக்கத்தை முதலில் இறுக்கிவிட்டால் பைப் கோணலாக நின்று, ஹெட்டில் ஒருபக்கம் மட்டும் இறுகும். கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் கசியும், இல்லையென்றால் அதிர்வில் பிராக்கெட் வெல்டிங் விரிசல் விடும்.

எவ்வளவு இறுக்குவது? உங்கள் மாடலுக்கான சர்வீஸ் மேனுவல் கிடைத்தால் அதில் உள்ளதுதான் கணக்கு. 8 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்குப் பொதுவாக 20 நியூட்டன் மீட்டர் சுற்றுவட்டாரம். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லையென்றால், 15 சென்டிமீட்டர் கைப்பிடியின் நுனியில் 13, 14 கிலோ எடையைத் தொங்கவிட்டால் என்ன அழுத்தமோ அதுதான் அது. 25 கிலோ அரிசி மூட்டையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கட்டும் முழங்கையும் போதும், தோளைக் கொண்டுவர வேண்டாம்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்னால் இரண்டு வேலை. பின் பிரேக் பெடலை முழுக்க மிதித்துப் பாருங்கள், பைப்பில் இடிக்கக் கூடாது. ஒரு ஆளைப் பின்னால் உட்காரவைத்து, பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்முக்கும் சைலன்சருக்கும் இடையே ஒரு விரலாவது இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்து, குரோம் முழுவதையும் துணியில் தின்னர் தொட்டுத் துடைத்துவிடுங்கள். உங்கள் கிரீஸ் கை பட்ட இடமெல்லாம் முதல் சூட்டில் வெந்து, ஐந்து விரலும் அச்சடித்த மாதிரி அப்படியே நின்றுவிடும். என் மைத்துனர் வண்டியில் என் கட்டை விரல் ரேகை ஏழு வருஷம் இருந்தது.

ஸ்டார்ட் செய்ததும் கொஞ்சம் புகை வரும், நாற்றம் வரும், புது பைப்பில் பூசியிருக்கும் ஆயில் எரிகிறது, பத்து நிமிடத்தில் அடங்கிவிடும். கசிவு பார்க்க இன்ஜின் சூடேறும் முன்னாலேயே ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஹெட் சேரும் இடத்திலும் கிளாம்ப் பக்கத்திலும் காட்டுங்கள். புகை நேராக மேலே போனால் சரி, "புஸ் புஸ்" என்று தள்ளப்பட்டால் கசிவு. கசிவோடு ஓட்டினால் ஆக்ஸிலேட்டரை விடும்போதெல்லாம் பட்பட்டென்று வெடிக்கும், வெளிக்காற்று உள்ளே இழுக்கப்பட்டு எரியாத பெட்ரோலோடு சேர்ந்து பைப்புக்குள் எரிவதுதான் அது. ஒருமுறை நன்றாகச் சூடேறி முழுக்க ஆறியதும் ஹெட் நட்டை மறுபடி ஒருமுறை பார்த்து இறுக்குங்கள், கேஸ்கெட் நசுங்கி நட்டு தளர்ந்திருக்கும். நூறு கிலோமீட்டர் கழித்து இன்னொரு முறை. பி.எஸ்.6 என்கிற புதிய புகை விதிப்படி வந்த வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: உங்கள் பைப்பில் ஆக்ஸிஜன் சென்சார் இருக்கும், அதன் வயரை முதலில் கழற்றிவிட்டுத்தான் சென்சாரைத் திருக வேண்டும், வயரோடு திருகினால் உள்ளே அறுந்துவிடும்.

என்ன வாங்குவது என்றால், குரோம் பூசிய கம்பெனி சைலன்சர் கடலோரத்தில் துடைத்துப் பார்த்துக்கொண்டால் நன்றாகவே உழைக்கும். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவினால் போதும், உப்பு போய்விடும். வெளியே ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்பதை வாங்கினால் சட்டைப்பையில் ஒரு காந்தம் எடுத்துப் போங்கள். 304 என்கிற நல்ல வகையில் காந்தம் ஒட்டாது, வளைத்த இடத்தில் லேசாக இழுக்கலாம். சும்மா பளபளப்பாக்கிய சாதா இரும்பில் "டக்" என்று ஒட்டும். 409 என்ற வகையிலும் ஒட்டும், அது மோசம் இல்லை, கம்பெனிகளே பைப்புக்கு அதைப் போடுவது உண்டு, ஆனால் 304 விலையில் அதை விற்கக் கூடாது. அந்த 304கூட நம் காற்றில் டீக்கறை மாதிரி பழுப்புப் புள்ளி காட்டும், பயப்பட வேண்டாம், தேய்த்தால் போகும்.

இப்போது அந்த இரண்டாவது கேள்வி, சத்தம்.

வேண்டாம். அறிவுரையாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொல்கிறேன். உங்கள் வண்டி 346 சி.சி., கம்பெனி சொன்ன சக்தி நிமிடத்துக்கு 5250 சுற்றில் 19.8 குதிரைத்திறன், இழுவை 4000 சுற்றில் 28 நியூட்டன் மீட்டர். சைலன்சருக்குள் இருக்கும் தடுப்பை எடுத்தால் பவர் கூடும் என்பவர்களும் சரி, புகைக்கு எதிராக நிற்கும் அழுத்தமான பேக் பிரஷர் இல்லாவிட்டால் இழுவை போய்விடும் என்பவர்களும் சரி, பாதிதான் சொல்கிறார்கள். புகை சீராக ஓடுவதில்லை, துடிப்புத் துடிப்பாக ஓடுகிறது. ஒரு துடிப்பு பைப்பில் போய்த் திரும்பிவரும் அலை சரியான நேரத்தில் வால்வை வந்தடைந்தால் அடுத்த புகையை இழுத்துவிடும், தப்பான நேரத்தில் வந்தால் தடுக்கும். பைப்பின் நீளம், விட்டம், உள்ளமைப்பு எல்லாம் அதற்காகப் பார்த்து வைத்தது. அண்ணா சாலை டிராஃபிக்கில் 2000, 2500 சுற்றில் போகும் ஆளுக்கு அதை மாற்றி எதுவும் கிடைக்காது, பெட்ரோல்தான் போகும். தவிர, புகை சுலபமாக வெளியேறினால் காற்று கூடி கலவையில் பெட்ரோல் குறையும். கார்புரேட்டர் வண்டி என்பதால் அதுவாகச் சரிசெய்துகொள்ளாது, அதற்குள் பெட்ரோலை அளந்து விடும் மெயின் ஜெட்டை மாற்ற வேண்டும். போதாததற்கு இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அதுவே பழைய கார்புரேட்டரில் கலவையைக் கொஞ்சம் மெலிதாக்கும். சந்தேகம் இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் முனையின் நிறத்தைப் பாருங்கள். டிக்காஷன் பழுப்பு என்றால் சரி. சுண்ணாம்பு வெள்ளை என்றால் கலவை மெலிந்து இன்ஜின் சூடேறுகிறது.

சட்டமும் இருக்கிறது. 175 சி.சி.க்கு மேற்பட்ட இருசக்கர வண்டிக்குத் தயாரிப்பு நிலையில் ஒலி வரம்பு 80 டெசிபல். பத்து டெசிபல் கூடினால் ஒலி ஆற்றல் பத்து மடங்கு, "கொஞ்சம்தான் கூட" என்பது காதுக்குத்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் ஒலி, புகை விதியை மீறினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசன்ஸும் போகும். அனுமதியில்லாமல் வண்டியை மாற்றினால் 182ஏ(4) பிரிவில் மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. நீங்கள் பி.ஒய். நம்பர் வண்டியில் முள்ளோடை தாண்டி எங்கள் பக்கம் வந்தாலும் அதே சட்டம்தான். பல ஊர்களில் பிடுங்கிய சைலன்சர்களை வரிசையாக ரோட்டில் அடுக்கி ரோடு ரோலரை ஏற்றுகிறார்கள், வீடியோ பார்த்திருப்பீர்கள். காசு போட்டு வாங்கி, ஸ்டட் உடையாமல் இரண்டு நாள் ஆயில் விட்டுக் கழற்றி மாட்டியதை அப்படிப் பார்க்க எனக்கே வயிறு எரிகிறது.

ஆக, வாங்க வேண்டியவை: கம்பெனி அளவு சைலன்சரும் பெண்ட் பைப்பும், கேஸ்கெட் இரண்டு (ஒன்று தப்பாக நசுங்கினால் ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காது), புது நட்டு இரண்டு, காப்பர் கிரீஸ் சின்ன ட்யூப், ஒரு கம்பி பிரஷ். வாங்கும்போது பழைய பெண்ட் பைப்பைப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள், அதே வண்டிக்கே வருஷத்துக்கு வருஷம் பிராக்கெட் இடம் மாறும். வெள்ளிக்கிழமை இரவு ஆயில் விட்டுவிட்டு, ஞாயிறு காலை ஸ்டட் எப்படி இருக்கிறது என்று ஒரு படம் எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.